வாசகர் கேள்வி: மரம் வெட்டுகிறவர்களின் சொற்கள்

போன இதழில் குடியாத்தம் வாசகர் ஒருவர், இங்கிலாந்தில் வனவியல் படிக்கும் தன் மகன் காதில் விழுந்த ஒரு விசித்திரமான சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தார். பதில் பெரிதாகப் போகும் என்பதால் அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மரம், வாள், கோடாலி, பட்டை என்று வேலூரைச் சுற்றியிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன, அதனால் இந்த இதழ் முழுக்கக் காட்டு வேலைச் சொற்கள்தான்.

எங்கள் தாத்தா இளவயதில் கூப்பு வேலைக்குப் போனதாக அடிக்கடி சொல்வார். ஜவ்வாது மலையடிவாரத்தில் வயதானவர்கள் இன்றும் இந்தச் சொல்லைப் பேசுகிறார்கள். கூப்பு தமிழ்ச்சொல்லா? ஆட்களைக் கூப்பிட்டு வேலை வாங்கியதால் அந்தப் பெயரா?
- ஒடுகத்தூர் வாசகர்

கூப்பிடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியில் வெட்டுவதற்கு 'கூப்பே' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, அதிலிருந்து வந்த 'கூப்' என்றால் வெட்டு, அல்லது வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுத் துண்டு. அதைத்தான் நாம் கூப்பு ஆக்கிக்கொண்டோம். கேரளத்திலும் இதே சொல்தான்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டுக்குப் பிரெஞ்சுச் சொல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் காடுகளுக்கு அதிகாரிகளைத் தயார் செய்ய இங்கிலாந்திலேயே ஒழுங்கான வனக் கல்லூரி கிடையாது. அதனால் தேர்வான இளைஞர்களைப் பிரான்சில் நான்சி என்ற ஊரின் வனக் கல்லூரிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்கள், 1885இல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் வனப் படிப்பு தொடங்கும்வரை நிலைமை அதுதான். நம் நாட்டின் முதல் வனத் தலைமை அதிகாரி பிராண்டிஸே ஒரு ஜெர்மானியர். அப்படிப் படித்து வந்தவர்கள் காட்டை வருடத்துக்கு ஒரு துண்டு என்று பிரித்து, இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது என்று வரிசை வைத்து வெட்டச் சொன்னார்கள். முதல் துண்டுக்குத் திரும்பி வருவதற்குள் அது மறுபடி வளர்ந்திருக்க வேண்டும். அந்தத் துண்டுதான் கூப்பு. காகிதத்தில் அதிகாரி எழுதிய சொல் குத்தகைக்காரர் வாய்க்கு வந்து, அங்கிருந்து உங்கள் தாத்தா வாய்க்கு வந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். இங்கிலாந்தில் மரம் வெட்டிய கிராமத்தான் அந்தக் காலத்தில் இதைக் 'கூப்' என்று சொல்லவே இல்லை. தெற்கே கென்ட், சஸெக்ஸ் மாவட்டங்களில் அந்தத் துண்டுக்குப் பெயர் 'கேன்ட்'. கேன்ட் கேன்டாகத்தான் அங்கே காட்டை ஏலம் விட்டார்கள். வடக்கே போனால் அதுவே 'ஹேக்', இது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் வெட்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வெட்டிய பிறகு தரையோடு நிற்கும் அடிக்கட்டை 'ஸ்டூல்'. அதிலிருந்து மறுபடி கிளம்பும் கொம்புகளைப் பத்துப் பதினைந்து வருடம் வளரவிட்டுத் திரும்ப வெட்டுவார்கள். நம் கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான், மரத்துக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

போன இதழில் கேட்டது நான்தான். மகன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு காட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது குதிரை வைத்து மரம் இழுக்கும் முதியவர் ஒருவர் 'ஸ்னிக்' 'ஸ்னிக்' என்றே பேசினாராம். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை, ஆசிரியர் வேறு சொல் சொல்கிறார். எது சரி?
- குடியாத்தம் வாசகர்

இரண்டும் சரி. புத்தகத்துக்கு ஒரு சொல் வேண்டும், அதனால் அவர்கள் காட்டிலிருந்து மரத்தை 'வெளியே எடுத்தல்' என்று பொருள்படும் ஒரு பொதுச்சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆனால் வெட்டிய மரத்தின் ஒரு முனையில் சங்கிலி பூட்டிக் குதிரை இழுத்துக்கொண்டு போகும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எப்போதுமே இருந்ததில்லை. ஊருக்கு ஒன்று இருந்தது. உங்கள் மகன் கேட்ட 'ஸ்னிக்' வடக்கத்திச் சொல், கம்பிரியா, யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம். அங்கிருந்து வேல்ஸ் எல்லையை ஒட்டிய மேற்கு மாவட்டங்களுக்கு வந்தால் அதே வேலை 'டஷ்'. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் காட்டில் 'ட்விட்ச்'. வட அமெரிக்கா முழுக்கப் பொதுவாக 'ஸ்கிட்'.

சொல் வேறானாலும் செய்கை ஒன்றுதான். மரத்தின் முன்முனை தரையில் குத்தாமல் லேசாகத் தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை உழுதுகொண்டு போய் ஏதாவது வேரில் மாட்டும், குதிரை தடுமாறும். அதனால் சங்கிலியை எவ்வளவு நீளத்தில் பூட்டுவது என்பதில்தான் ஆளின் கைத்திறன் தெரியும். சங்கிலி குட்டையாக இருந்தால் முனை எழும்பும், ஆனால் மரம் குதிரையின் குதிகாலில் வந்து இடிக்கும் ஆபத்து உண்டு. இறக்கத்தில் மரம் தானாகவே வேகம் பிடிக்கும் என்பதால் ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் நடப்பது என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. டிராக்டரும் பெரிய எந்திரங்களும் வந்த பிறகும் குதிரை முழுசாகப் போய்விடவில்லை. ஈரமான மண், நெருக்கமான மரங்கள், பாதுகாக்கப்பட்ட காடு என்றால் எந்திரத்தின் சக்கரம் மண்ணை இறுக்கிக் கெடுத்துவிடும், குதிரை அவ்வளவு கெடுக்காது என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். வேலை உயிரோடு இருப்பதால் அந்த முதியவர் வாயில் சொல்லும் உயிரோடு இருக்கிறது, உங்கள் மகன் அதைக் கேட்கக் கொடுத்து வைத்தவர்.

ஸ்னிக் இன்னொரு தூரமும் போயிருக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் சொல்லாக இருந்தது கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய், அங்கே மரம் இழுத்து இழுத்துத் தேய்ந்த தடத்துக்கே ஸ்னிக் தடம் என்று பெயர் வந்துவிட்டது. சொந்த நாட்டுத் தலைநகரில் யாருக்கும் தெரியாத சொல், பூமியின் மறுபக்கத்தில் காட்டிலாகா எழுதும் வேலைக் குறிப்பில் சகஜமாக வருகிறது! மகனிடம் சொல்லுங்கள், அந்த முதியவர் பேசும்போது கைபேசியில் பதிவு செய்யட்டும், முதலில் அனுமதி கேட்டுவிட்டு.

கிளை கழிப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள்? வெளிநாட்டு வேலைக்காகச் செயின்சா பயிற்சி எடுக்கிறேன், ஒரு காணொளியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல்.
- ஆரணி வாசகர்

தம்பி, பிரிட்டன் காணொளி என்றால் 'ஸ்னெட்', அமெரிக்கா, கனடா என்றால் 'லிம்'. இரண்டும் விழுந்த மரத்தின் கிளைகளைத் தண்டோடு ஒட்டக் கழிப்பதுதான். ஸ்னெட் முதலில் ஸ்காட்லாந்துக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் பேசிய சொல், வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. பயிற்சிக் கையேடுகளில் ஏறிய பிறகு இப்போது பிரிட்டன் முழுக்க அதுதான் பாடச்சொல். வட்டார வழக்கு என்றாலே அழிகிற சங்கதி என்று நினைக்கிறோம், இது ஜெயித்த சொல்.

கழித்துப் போட்ட கிளையும் கொப்பும் குவிந்து கிடக்குமே, அது பிரிட்டனில் 'பிராஷ்', அமெரிக்காவில் 'ஸ்லாஷ்'. நமக்கு இந்த இடத்தில் சொல் பஞ்சமே இல்லை, சுள்ளி வேறு, மிலாறு வேறு, விளார் வேறு. சுள்ளி காய்ந்து ஒடிந்தது, மிலாறு சின்னக் கொப்புகள் சேர்ந்தது, விளார் நீளமாக வளைந்து கொடுப்பது. உங்கள் பயிற்சி வகுப்பில் மற்ற தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தால் இவற்றை வைத்துச் சொல்லிக் கொடுங்கள், சட்டென்று மனதில் நிற்கும். பயிற்சியில் தலைக்கவசத்தையும் கால் காப்பு உடையையும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வரும் என்பார்கள். இங்கிலாந்தில் எந்த மரத்தின் பட்டையை எடுத்தார்கள், அந்த வேலைக்குத் தனிப் பெயர் உண்டா?
- ஆம்பூர் வாசகர்

இந்தக் கடிதம் வந்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றாது.

அங்கே ஓக் மரத்தின் பட்டை. தோலைக் கெடாமல் பதமாக்குவது பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்து, ஆவாரையில் இருப்பதும் அதுவே, கடுக்காயில் இருப்பதும் அதுவே. ஓக் பட்டையை எப்போது வேண்டுமானாலும் உரிக்க முடியாது. குளிர்காலம் முழுக்க அது கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கிடக்கும். வசந்தத்தில் சாறு ஏறும்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படலம் ஈரமாகி இளகும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் பட்டை முழுசு முழுசாகக் கழன்று வரும். அந்தச் சில வாரங்களுக்காக ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று குடும்பமாகக் காட்டில் இருப்பார்கள். சாதாரணமாக மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவதுதான் நல்லது என்றாலும், பட்டை விலைக்காக ஓக்கை மட்டும் வசந்தம் வரை நிறுத்தி வைத்து வெட்டினார்கள்.

கென்ட், சஸெக்ஸ், சர்ரே பக்கம் இந்த வேலைக்குப் பெயர் 'ஃப்ளா'. மிருகத்தின் தோலை உரிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லின் வட்டார வடிவம் அது. யோசித்துப் பாருங்கள், ஆட்டுத்தோலைப் பதப்படுத்தப் போகிற பட்டை, அதை மரத்திலிருந்து எடுப்பதையும் 'தோலுரிப்பது' என்றே சொல்லியிருக்கிறார்கள். நாமும் உரிப்பது என்றுதான் இரண்டுக்கும் சொல்கிறோம், ஆட்டுத்தோலும் உரிக்கிறோம், பட்டையும் உரிக்கிறோம்.

பட்டைக் குழியில் போட்ட கனத்த தோல் வெளியே வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். குரோம் உப்பில் பதனிடும் முறை வந்ததும் அது நாட்கணக்காகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பட்டைச் சாறும் இறக்குமதியாக ஆரம்பித்ததும் அங்கே ஓக் பட்டைக்கு விலை விழுந்தது, விலை விழுந்ததும் ஃப்ளா என்ற சொல்லும் காட்டைவிட்டுப் போய்விட்டது. டெவன் மாவட்டத்துக் காலிட்டன் என்ற சிறு ஊரில் மட்டும் இன்னும் ஓக் பட்டையில் பதனிடும் ஒரு டேனரி நடக்கிறது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று சென்னைத் துறைமுகம் வழியாக உலகம் முழுக்கப் போன சரக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். ஆவாரம்பட்டை உரித்துக் கொண்டுவந்தவர்கள் கத்தியை என்னவென்று சொன்னார்கள், பட்டைக் கட்டுகளை எப்படி எண்ணினார்கள், நல்ல பட்டைக்கும் சொத்தைப் பட்டைக்கும் என்ன பெயர் வைத்திருந்தார்கள்? உங்கள் கணக்குப் புத்தகங்களின் ஓரத்தில்கூட இருக்கலாம், பழைய புத்தகம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மேலே நின்று வாள் இழுப்பவன் 'டாப் டாக்', பள்ளத்தில் நிற்பவன் 'அண்டர்டாக்', அதிலிருந்துதான் அந்த இரண்டு சொற்களும் வந்தன என்று எங்கள் ஆங்கில ஆசிரியர் சொன்னார். உண்மையா?
- காட்பாடி வாசகர், 11ஆம் வகுப்பு மாணவர்

நிறையப் பேர் சொல்லும் கதை, ஆனால் சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் நாய்ச் சண்டை நடத்திப் பந்தயம் கட்டுவார்கள், மேலே ஏறி அமுக்கிய நாய், கீழே மாட்டிய நாய் என்பதிலிருந்து வந்தவை அந்தச் சொற்கள். மரத்தை அசையாமல் பிடிக்க அடிக்கும் இரும்புக் கொக்கிக்கு 'டாக்' என்று பெயர் இருந்தது உண்மை, அதை வைத்து யாரோ பின்னால் கட்டிய கதை இது. ஆசிரியரிடம் வகுப்பில் வைத்துச் சொல்லாமல் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

ஆனால் 'டாப் சாயர்' என்ற சொல் நிஜமாகவே வாள் பள்ளத்திலிருந்து வந்தது, மரத்தைப் பள்ளத்தின் மேல் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று அறுக்கும் இடம் அது. மேலே நிற்கிறவர்தான் கோட்டைப் பார்த்து வாளை நடத்த வேண்டும், தவறினால் பலகை கோணிவிடும், அதனால் அவருக்கு மதிப்பும் கூலியும் அதிகம். அதிலிருந்து ஊரில் பெரிய மனுஷனையே டாப் சாயர் என்று சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது.

வேலூரில் என் பெரியப்பா ஒரு மரவாடி வைத்திருந்தார். சாமில் வருவதற்கு முன்பு அங்கே ஒரு வாள் பள்ளம் இருந்தது, நான் பார்த்தபோது பாதி தூர்ந்து போயிருந்தாலும் பக்கத்துச் சுவரில் பழைய வாள் மாட்டியிருந்தது, என் உயரத்தைவிட நீளம். கரியைக் கரைத்து நூலை முக்கி, மரத்தின் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் டப்பென்று ஒரு கறுப்புக் கோடு விழும். நூல் அடிப்பது என்பார்கள். கோட்டை விட்டு வாள் விலகாமல் பார்ப்பது மேலாள் வேலை. கீழாளுக்கு வாய்த்தது முழுக்க மரத்தூள், கண்ணிலும் மூக்கிலும். தலையில் துண்டு கட்டிக் குனிந்தே இருந்து இருந்து, அந்தப் பள்ளத்தில் வேலை செய்த ஒருவர் கடைசிவரை கண் எரிச்சலோடுதான் இருந்தார் என்று பெரியப்பா சொல்வார். சாமில் வந்தபோது கீழாட்கள்தான் முதலில் சந்தோஷப்பட்டார்கள் என்றும் சொல்வார், பிறகு கூலியே இல்லாமல் போனது வேறு கதை.

நம் தமிழ்ச்சொல் ஏதாவது ஆங்கில மரத் தொழிலுக்குப் போயிருக்கிறதா?
- ஆலங்காயம் வாசகர்

தேக்கு. போர்த்துகீசியர் மேற்குக் கரையில் கேட்டு 'டெக்கா' ஆக்க, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. நம் பக்கத்து அணைக்கட்டு இருக்கிறதே, அந்தச் சொல்லும் 'அனிகட்' என்று பாசன எஞ்சினியர்களின் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. கட்டுமரம் உங்களுக்கே தெரியும்.

டாப்சிலிப் என்ற பெயர் எப்படி வந்தது? அமெரிக்காவில் 'ஸ்கிட் ரோ' என்கிறார்களே, அதுவும் மரத்தோடு தொடர்புடையது என்று ஒரு நண்பர் சொன்னார்.
- வாணியம்பாடி வாசகர்

நண்பர் சொன்னது சரி, இரண்டு பெயரும் ஒரே மாதிரி வேலையிலிருந்து வந்தவைதான். ஆனைமலையில் வெட்டிய தேக்கை யானைகள் விளிம்புவரை இழுத்துவர, அங்கிருந்து மலைச்சரிவில் வழுக்கிவிட்டார்கள். மேலே இருந்த வழுக்கல் இடம் டாப்சிலிப்.

அமெரிக்காவில் சியாட்டிலில் 1853இல் ஹென்றி யெஸ்லர் என்பவர் நீராவி மர ஆலை ஒன்றை நடத்த ஆரம்பித்தார். மலைமேல் வெட்டிய மரத்தை ஆலைக்குக் கொண்டுவர, பாதைக்குக் குறுக்கே சிறு கட்டைகளைப் பதித்து, வழுக்குவதற்குக் கொழுப்பு தடவி, மாடு பூட்டி இழுத்தார்கள். அந்த மாதிரிப் பாதைக்கு 'ஸ்கிட் ரோடு' என்று பெயர். பாதையை ஒட்டி மலிவு விடுதிகளும் சாராயக் கடைகளும் வந்தன, காட்டில் வேலை இல்லாத மாதங்களில் மரத்தொழிலாளிகள் அங்கேதான் தங்கினார்கள். பிறகு எந்த ஊரிலும் வீடில்லாதவர்கள் ஒதுங்கும் தெருவுக்கே அந்தப் பெயர் பரவி, 'ரோடு' என்பது 'ரோ' என்று மாறிவிட்டது. நாடு கட்டிய மரத்தையெல்லாம் இழுத்தவர்களின் பாதை, கடைசியில் ஏசுகிற சொல்லானது எனக்கு வருத்தம்தான்.

விறகைக் 'கார்டு' கணக்கில் விற்பார்களாமே, அது எவ்வளவு?
- அரக்கோணம் வாசகர்

நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளத்தில் அடுக்கினால் ஒரு கார்டு, 128 கன அடி. கயிறு போட்டு அளந்ததால் வந்த பெயர். இது பொதுக் கணக்கு. இங்கிலாந்தின் பழைய மாவட்டங்களில் கார்டின் அளவு இடத்துக்கு இடம் மாறியது, நம் ஊரில் ஒரு வண்டி விறகு என்பது வண்டிக்காரரைப் பொறுத்து மாறியது போல.

வேலூரில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஜவ்வாது மலையில் மர வேலைச் சொற்களைத் திரட்டி ஆய்வேடு எழுத ஆசை. அகராதியில் இல்லாத சொற்களைத் திரட்டி என்ன பயன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள், நண்பர்களும் கேட்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
- ஒரு மாணவி

அகராதியில் இல்லை என்பதற்காகத்தானே அம்மா திரட்டுவது! வீட்டில் கேட்டால் ஜோசப் ரைட் கதையைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1855இல் பிறந்த ஏழைப் பையன். 6 வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டும் வேலை, கல்லுடைப்பவர்களின் மழுங்கிய உளிகளைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுத்து நூல் ஆலையில் வேலை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது 15 வயதில். அப்புறம் ஜெர்மனி போய் ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம் வாங்கி, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் ஆனார். அவர் தொகுத்ததுதான் ஆங்கில வட்டார வழக்கு அகராதி, 1898இலிருந்து 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்றைக்கு நான் எழுதிய ஸ்னிக், டஷ், ஃப்ளா எல்லாம் அதில் இருக்கின்றன. உளி சுமந்த பையனுக்குத்தான் உளியின் பெயர் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். நமக்கும் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி அகராதி போட்ட கி. ராஜநாராயணன் இருந்தார். வட ஆற்காட்டுக் காட்டுக்கு அப்படி ஒருவர் வேண்டும், அது ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

எப்படித் தொடங்குவது என்பதற்கும் அங்கிருந்தே ஒரு வழி சொல்கிறேன். 1950லிருந்து 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டன் வழிகாட்டலில், 313 ஊர்களுக்கு ஆளனுப்பி, 1300க்கு மேற்பட்ட கேள்விகள் கேட்டுச் சொற்களைத் திரட்டினார்கள். பெரும்பாலும் கிராமத்தில் பிறந்து அங்கேயே வேலை செய்து முதுமை அடைந்தவர்களைத் தேடிப் போனார்கள். கேள்வியில் விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்கள். பொருளைக் காட்டி, அல்லது படத்தைக் காட்டி, அல்லது செய்கையை விவரித்து, 'இதை நீங்கள் என்ன சொல்வீர்கள்' என்று மட்டும் கேட்பது.

நீங்களும் அதையே செய்யுங்கள். 'இதை ஆப்பு என்றுதானே சொல்வீர்கள்' என்று கேட்டால், படித்த பெண் சொல்கிறாளே என்று பெரியவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள், அவர்களுடைய சொல் அங்கேயே செத்துவிடும். திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் பத்துச் சொல் வரும், கையில் கோடாலியைக் கொடுத்து விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால் ஐம்பது வரும், கை அசையும்போதுதான் நாக்குக்கு ஞாபகம் வரும். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். விறகு பொறுக்குவது, கட்டுவது, சும்மாடு வைத்துத் தூக்குவது, எது புகையும், எது நின்று எரியும் என்பதற்கெல்லாம் சொல் அவர்களிடம்தான் இருக்கும். இன்னொன்று, மரம் என்றாலே கேஸ் வருமோ என்று மலையில் பயப்படுவார்கள். சந்தன மரத்தையும் செம்மரத்தையும் வைத்து அந்த மக்கள் பட்டது கொஞ்சமில்லை. அதனால் எந்த மரம், எந்த வருடம், யார் வெட்டச் சொன்னார்கள் என்ற பக்கமே போகாதீர்கள், சொல்லை மட்டும் கேளுங்கள், பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

அமிர்தி பக்கத்து மலைக்காரன் நான். முப்பது வருசம் கூப்பில் மரம் வெட்டினேன். எழுதத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் கோடாலியால் ஒரு வெட்டு போட்டு எடுப்போம். அதை வாய் போடுவது என்போம். வெள்ளைக்காரனுக்கு அதற்கு என்ன பேர்?

பெரியவரே, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அவர்களுக்கும் அது வாய்தான்!

பிரிட்டனில் மரம் வெட்டுகிறவர்கள் அந்த வெட்டை 'காப்' என்பார்கள். வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் காப் என்றால் மனுஷன் வாய். சில வெட்டுகளுக்குப் 'பறவை வாய்' என்று பொருள்படும் பெயரும் உண்டு, முக்கோணமாகத் திறந்து நிற்பதால். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது 'ஸ்கார்ஃப்', அமெரிக்காவில் 'அண்டர்கட்'. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு ஆழம், எவ்வளவு திறப்பு என்பதைப் பொறுத்துத்தான் மரம் விழும் திசையும் விதமும் அமையும் என்று அவர்கள் பாடத்தில் படம் போட்டு விளக்குகிறார்கள், நீங்கள் அதைக் கோடாலியோடு கற்றிருக்கிறீர்கள்.

இனி நான் உங்களைக் கேட்கிறேன். வாய் போட்ட பிறகு பின்பக்கம் வந்து வெட்டுவீர்களே, அப்போது முழுசாக வெட்டிவிடாமல் நடுவில் கொஞ்சம் கட்டையை விட்டுவைப்பீர்கள், மரம் அதன்மேல் மடங்கித்தான் மெதுவாகச் சாயும். ஆங்கிலத்தில் அதற்குக் கதவுக் கீலின் பெயரை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் அந்தக் கட்டையை என்ன சொல்வீர்கள்? மரம் முறியும் முன் ஒரு சத்தம் வருமே, அதற்கு ஏதாவது பேர் உண்டா? சாயும்போது பக்கத்தில் இருப்பவர்களை விலகச் சொல்லி என்னவென்று குரல் கொடுப்பீர்கள்? பேத்தியிடம் சொல்லுங்கள், நீங்கள் சொல்கிறபடியே, எழுத்து மாற்றாமல் எழுதி அனுப்பட்டும்.